இரவை எண்ணும் இலைகள்

திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். வேலியோரம் இடுப்பளவு வளர்ந்து நின்ற செடியைக் காட்டி, எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்: "சார், அது கஞ்சாதானே? இலையைப் பாருங்க, விரல் விரிச்ச மாதிரி இருக்கு. ஸ்டேஷன்ல சொல்லிடலாமா?" பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, தோட்டத்துக்கார ஆயா வெளியே வந்தார். இரண்டு கொத்து ஒடித்து என் கையில் கொடுத்தார். "புளிச்சக்கீரைப்பா. தண்டுல முள்ளு இருக்கும், பாத்துப் புடி. வதக்கித் தொக்கு பண்ணு, நாலு நாளைக்கு வரும்." எதிர்வீட்டுக்காரர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பு ஏறியதும்தான் அவர் முகம் தெளிந்தது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் பட்ட ஒற்றுமை 1759இல் சுவீடனின் கார்ல் லின்னேயஸ் கண்ணிலும் பட்டது. இந்தக் கீரைக்கு அவர் வைத்த பெயர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். செம்பருத்திப் பேரினத்தில் கஞ்சாவைப் போன்றது என்று பொருள்.

இலையை நின்று பார்த்தால் குழப்பம் தீரும். புளிச்சையின் இலை ஒரே இலை. ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு மூன்றாகவோ ஐந்தாகவோ ஏழாகவோ பிரிந்திருக்கிறது. கஞ்சாவில் ஒவ்வொரு விரலும் ஒரு தனிச் சிற்றிலை. எல்லாம் காம்பின் நுனியில் ஒரே புள்ளியில் கூடும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வாள்பல் வெட்டு இருக்கும். பூத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. புளிச்சை, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த வெளிர்மஞ்சள் பூவை அகல விரிக்கும். கஞ்சாவின் பூவில் கண்ணைக் கவரும் இதழே கிடையாது. அது தேனீயை நம்பியிருக்கும் செடி அல்ல. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் உதிர்க்கும் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காற்றுக்கு எதற்கு வண்ணமும் தேனும்?

நொச்சிதான் இன்னும் நெருங்கிய சாயல் கொண்டது. செங்கல்பட்டு வட்டாரத்தில் வாய்க்கால் கரையிலும் தோட்ட வேலியிலும் அது தானாக நிற்கும். சளி பிடித்தால் அதன் இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்காத வீடு அரிது. நொச்சியிலும் மூன்று அல்லது ஐந்து தனிச் சிற்றிலைகள் உண்டு. ஆனால் நடுச் சிற்றிலைக்குத் தனியாக ஒரு சிறு காம்பு இருக்கிறது, இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பாக இருக்கிறது, பூ ஊதா நிறத்தில் கொத்தாக வருகிறது. தடயவியல் ஆய்வகத்தில் இப்படி வெறுங்கண்ணோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். கஞ்சா இலையின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் வைத்தால் கரடி நகம் போல வளைந்த குட்டை மயிர்கள் தெரியும். ஒவ்வொரு மயிரின் அடியிலும் கால்சியம் கார்பனேட் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். புளிச்சையிலும் நொச்சியிலும் அதைத் தேடினால் கிடைக்காது.

சாயலால் வரும் குழப்பம் ஒருபக்கம் என்றால், பெயரால் வரும் குழப்பம் அதைவிடப் பெரிது. நாம் 'சணல்' என்கிறோம். சாக்குப் பை சணல் வேறு செடி, வங்காளத்தின் ஆற்றுப் படுகையில் விளைவது. நம் உழவர்கள் நடவுக்கு முன் வயலில் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் சணப்பு இன்னொரு செடி. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருவது. புளிச்சைத் தண்டின் நாருக்குப் பீமிலிப்பட்டினம் சணல் என்று வணிகப் பெயர் இருந்தது. கயிறு திரிக்க உதவும் கஞ்சா நாரையும் செய்தித்தாள்கள் சணல் என்றே மொழிபெயர்க்கின்றன. நான்கு செடிகள், மூன்று குடும்பங்கள், ஒரே சொல். கப்பல் கயிற்றுக்கு ரஷ்ய நாரை நம்பியிருந்த பிரிட்டன், அதற்கு மாற்றாக இந்தியாவில் என்ன கிடைக்கும் என்று தேடியபோது, சாமல்கோட்டையிலும் பிறகு கல்கத்தாவிலும் பணியாற்றிய தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இந்த நார்களையெல்லாம் முறுக்கி, எடை தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 1855இல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் இந்தியாவின் நார்ச்செடிகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அன்று அவர்களுக்கு இது கயிற்றுப் பிரச்சினை.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா அந்த ஊரை நன்கு அறிந்தவர். இந்தியாவிலிருந்து அவர் கொடுத்த கஞ்சாவின் உலர்செடியைப் பார்த்துத்தான் 1785இல் பாரீஸின் தாவரவியலாளர் லமார்க், ஐரோப்பிய வயல்களில் நாருக்காக வளர்ந்த செடியிலிருந்து இது வேறுபட்டது என்று முடிவுகட்டி, கன்னாபிஸ் இண்டிகா எனப் பெயரிட்டார். அவை இரண்டு இனங்களா, ஓர் இனத்தின் இரண்டு முகங்களா என்ற வழக்கு அன்று தொடங்கியது. என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே இனம்தான். தடையில்லாமல் ஒன்றோடொன்று கலந்து வளமான விதை தரும் செடிகளை இரண்டாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் லமார்க் கண்ட வேறுபாடு பொய்யல்ல. உயரம், கிளை, இலையின் அகலம் எல்லாவற்றுக்கும் அடியில், அவர் காலத்தில் யாருக்கும் தெரியாத இன்னொரு வேறுபாடு இருந்தது. வடக்கின் செடியும் தெற்கின் செடியும் இருட்டை வெவ்வேறு விதமாக அளக்கின்றன.

அதைக் கண்டுபிடிக்கும் வழியைத் திறந்தவர் ழூலியன் துர்னுவா என்ற இளம் பிரெஞ்சுக்காரர். பாரீஸில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1910 வாக்கில், கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலத்தில் விதைத்த ஜப்பானியக் கொடியொன்றும் (பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப் கொடியின் உறவு, கஞ்சாவின் குடும்பம்) நார்க் கஞ்சாவும் விநோதமாக நடந்துகொள்வதைக் கவனித்தார். வசந்தத்தில் வயலில் விதைத்தால் ஆளுயரம் தாண்டி வளர்ந்து பிறகு பூக்கும் செடி, இங்கே நான்கு இலை விடுவதற்குள் பூத்துவிட்டது. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எதுவும் காரணமில்லை. பிறகு ஒளியைக் கைவசப்படுத்தினார். நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் வெளிச்சம் காட்டி, மீதிப் பொழுது மூடி வைத்தார். கோடையிலும் குட்டைச் செடிகள் பூத்தன. 1914இல் வெளியான கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி போனார். பூக்க வைப்பது பகல் குறுகுவது என்பதைவிட இரவு நீள்வது என்றே சொல்ல வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. துர்னுவா போரில் மாண்டார். அவர் எழுதியதை உலகம் கவனிக்கவில்லை.

அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடங்களில் இது ஒன்று. ஆறே ஆண்டுகள் கழித்து, 1920இல், அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் இதே உண்மையைப் புகையிலையில் கண்டார்கள். மேரிலாந்து மாமத் என்ற அந்த ரகம் கோடை முழுவதும் பூக்காமல் வானத்தைப் பார்த்து வளரும். குளிர்காலக் கண்ணாடி வீட்டில் சின்னச் செடியே பூக்கும். நாய்க்கூண்டு போன்ற ஓர் இருட்டறைக்குள் செடிகளை மாலையில் தள்ளி, காலையில் இழுத்து, அவர்கள் வெயில் காலத்திலேயே பூக்க வைத்தார்கள். ஒளிக்காலத்துவம் என்ற துறை அவர்கள் பெயரால் பிறந்தது. ஆனால் அந்தக் கதவை முதலில் தட்டியவர் துர்னுவா. தட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த கை, கஞ்சாச் செடி.

இரவுதான் அளவுகோல் என்ற அவர் வாக்கு 1938இல் உறுதியானது. அதற்கு உதவிய செடி நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஏரிக்கரையில் நடந்தால் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் மருளூமத்தை. ஆய்வாளர்கள் ஹாம்னரும் பான்னரும் அதை வைத்துச் செய்த சோதனை அழகானது. பகலின் நடுவே இருட்டைப் புகுத்தினார்கள். செடி கண்டுகொள்ளவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டார்கள். செடி பூக்க மறுத்தது. சுமார் எட்டே கால் மணி நேரத்துக்கு மேல் முறியாத இருட்டு வேண்டும், அவ்வளவுதான் அதன் நிபந்தனை. மருளூமத்தைக்கு அப்படி ஒரே ஓர் இரவு போதும்.

இலைக்குள் என்ன நடக்கிறது? ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அங்கே இருக்கிறது. அதற்கு இரண்டு உருவம். பகல் வெளிச்சத்தில் உள்ள சிவப்பு ஒளி பட்டால் ஒன்றிலிருந்து மற்றதாகத் திரும்பும், இருட்டில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறங்கும். உயிரணுவுக்குள் ஓடும் உள்கடிகாரம் ஒன்றும் உண்டு. இது ஒரு நாளைக்கு ஒரு சுற்று ஓடுவது, நம் உடம்பில் தூக்கத்தை நடத்துவதற்கு அண்ணன் தம்பி போன்றது. கடிகாரத்தின் எந்த நேரத்தில் வெளிச்சம் விழுகிறது என்பதை நிறமி சொல்கிறது. இரண்டும் சேர்ந்து இரவு நீண்டுவிட்டது என்று முடிவெடுத்தால், இலை ஒரு புரதத்தைச் செய்து காம்பு வழியே தண்டின் நுனிக்கு அனுப்புகிறது. அது நுனியில் சேர்ந்ததும் இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டு விடத் தொடங்குகிறது செடி. சாமந்தியை வைத்து ஆராய்ந்த சோவியத் ஒன்றியத்தின் சைலாக்யன் 1937இலேயே இப்படி ஒரு தூது இருக்க வேண்டும் என்று சொல்லி ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்துவிட்டார். தூதைக் கையும் களவுமாகப் பிடிக்க 2007 வரை, எழுபது ஆண்டுகள் ஆயின. பிடிபட்ட செடிகளில் ஒன்று நெல்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.6 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகல் இங்கே, ஜூன் 21 வாக்கில், ஏறத்தாழ 12 மணி 52 நிமிடம். மிகக் குறுகிய பகல், டிசம்பர் 22 வாக்கில், ஏறத்தாழ 11 மணி 23 நிமிடம். வேறுபாடு ஒன்றரை மணி நேரம். துர்னுவாவின் பாரீஸில் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் எட்டே கால் மணிக்குச் சுருங்கும். நாரும் விதையும் தரும் கஞ்சா காலங்காலமாகப் பயிராகும் உத்தராகண்டின் அல்மோராவில் ஜூன் பகல் 14 மணி நேரம்.

அல்மோராவின் செடிக்குள் இருக்கும் கடிகாரம் அந்த 14 மணி நேரக் கோடையை எதிர்பார்த்துப் பழகியது. பகல் நீண்டிருக்கும்வரை வளர், குறையத் தொடங்கினால் பனி வரப்போகிறது, விதையாகு என்பது அதன் கணக்கு. அதன் கண்ணில் மாமல்லபுரத்தின் ஜூன் மாதமே இலையுதிர் காலம். இங்கே எந்த மாதம் முளைத்தாலும், கண்ணாடி வீட்டில் துர்னுவா கண்ட செடியைப் போல வளர்வதற்கு முன்பே பூத்து ஒடுங்கும். தெற்கின் செடிகள் தலைமுறை தலைமுறையாகத் தம் அளவுகோலைத் திருத்திக்கொண்டன. இன்னும் நீண்ட இரவு வந்தால்தான் பூ, அதுவரை வளர்ச்சி. லமார்க்கிடம் சேர்ந்த இந்தியச் செடியின் உருவத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பது என் துணிபு. ஒரே செடியை இரண்டு பெயரில் எழுத வைத்ததில் நிலத்தின் அகலாங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை உங்கள் தோட்டத்தில் நட்டுச் சோதித்துப் பார்க்க முடியாது. 1985 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடி என்பதற்கு அந்தப் பேரினத்தின் எந்தச் செடியும் என்று பொருள் சொல்கிறது. ஆணா பெண்ணா, நாருக்கா அழகுக்கா, தொட்டியிலா மண்ணிலா என்ற பாகுபாடு அதில் இல்லை. விற்காவிட்டாலும், பறிக்காவிட்டாலும், அனுமதியின்றி வளர்த்தாலே 20ஆம் பிரிவின்படி 10 ஆண்டுவரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் ஒரு நாற்றுக்கும் இது பொருந்தும். இலையும் விதையும் தனியாக இருந்தால் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது என்று சட்டத்தில் இருப்பதை அரைகுறையாகக் கேட்டு, செடி வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு இலைக்கும் விதைக்கும்தான், வளர்ப்பதற்கு அல்ல. நார், விதை, தோட்டக்கலை ஆகியவற்றுக்காக அரசு அனுமதி தர 14ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தராகண்ட் அந்த வழியில் உரிமம் கொடுத்துத் தொடங்கியிருக்கிறது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் காவலுக்குள் வளர்த்து மருந்துக்காக ஆராய்கிறது. தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. 1893இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒன்றிரண்டு செடிகளை என்ன செய்வது என்பதைத் தனிக் கேள்வியாக எடுத்து ஆராய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. இன்றைய சட்டத்தில் அந்தக் கேள்வியே இல்லை. சட்டம் மாற வேண்டும் என்று கருதுபவர் அதற்காக வாதாடலாம். கொல்லையில் நட்டு வாதாடக் கூடாது.

ஆனால் அறிவியல் நம் கையைக் கட்டவில்லை. அதே கடிகாரம் நம் வீட்டில் சட்டப்படியே ஓடுகிறது. பந்தலில் ஏறும் நாட்டு அவரையைப் பாருங்கள்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம்மவர்கள் சொன்னார்கள். ஆடியில் ஊன்றிய அவரை, ஆவணி புரட்டாசியில் பந்தலை மூடும். பூ எங்கே என்று கேட்டால் இலையைத்தான் காட்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும்போதும் பெரும்பாலும் கொடிதான். மார்கழியை ஒட்டிப் பூ சரம் சரமாக நீளும், தையில் காய் குவியும். ஆவணியில் தாமதமாக ஊன்றிய பக்கத்து வீட்டுக் கொடியும் ஏறக்குறைய அதே நாட்களில் பூக்கும், கொடி சிறியதாக இருக்கும் என்பது மட்டும் வேறுபாடு. விதைத்த நாளிலிருந்து எண்ணாமல் வானத்திலிருந்து எண்ணுகிற செடி அது. பழைய சம்பா நெல் ரகங்களும் அப்படித்தான். ஒரு மாதம் முன்னே பின்னே விதைத்தாலும் கதிர் வரும் வாரம் பெரிதாக நகராது. நெல் ஆய்வாளர்கள் இவற்றைத் தேதி பிடித்த ரகங்கள் என்றும், சொர்ணவாரி, நவரைப் பருவங்களில் பயிராகும் குறுகிய கால ரகங்களை நாள் பிடித்த ரகங்கள் என்றும் பிரிக்கிறார்கள். 1965இல் வந்த ஆடுதுறை 27, அடுத்த ஆண்டு வந்த ஐ.ஆர். 8 போன்ற ரகங்கள் நாள் பிடித்தவை. இரவைப் பொருட்படுத்தாத அந்தக் குணம் இல்லாமல், ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் என்பதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஒன்றரை மணி நேர வேறுபாடு ஒரு செடிக்குப் போதுமா என்று கேட்கலாம். நானும் முதலில் ஐயப்பட்டேன். செப்டம்பர் பிற்பகுதியில் நம் ஊரில் பகல் நாளுக்கு முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகவே சுருங்குகிறது. ஐயத்தைத் தீர்த்தது மலாக்காவில் டோர் என்பவர் 1959இல் வெளியிட்ட சோதனை. மலாக்கா நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டே பாகை. ஆண்டு முழுவதும் சேர்த்தும் பகலின் நீளம் 14 நிமிடம்தான் மாறும். அங்கே சயாம் 29 என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தால் பூக்க 329 நாள், செப்டம்பரில் விதைத்தால் 161 நாள். கால் மணி நேரத்துக்கும் குறைவான வேறுபாட்டை வைத்து ஒரு நெற்பயிர் ஏறக்குறைய ஆறு மாதத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டியது. நமக்குக் கிடைத்திருப்பது 89 நிமிடம். அவரைக்கு அது தாராளம்.

ஏன் இந்தப் பாடு? மழையை நம்பியே பூத்துவிட்டால் என்ன? இந்தக் கரையில் வாழ்ந்தவருக்குப் பதில் தெரியும். வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட நீரைத் தருகிறது. அக்டோபர் பிற்பகுதியில் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தை அது எப்போதும் மதிப்பதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி, இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடுத்த ஆண்டு அதே பருவம் தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது, இயல்பில் பாதிகூட இல்லை. மழையின் முதல் தூறலை நம்பிப் பூத்த செடி, அடுத்த புயலில் பூவை இழக்கும். மழை நின்ற பின் பூக்கலாம் என்று காத்திருந்தால், நின்றது நிரந்தரமா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் 2015 டிசம்பர் முதல் நாளின் இரவும் 2016 டிசம்பர் முதல் நாளின் இரவும் ஒரே நீளம். பல்லாயிரம் ஆண்டு மழையின் சராசரியை இரவின் நீளத்தோடு முடிச்சுப் போட்டு விதைக்குள் வைத்துக்கொண்ட செடிகள் பிழைத்தன. காற்றில் மகரந்தம் தூவும் செடிக்கு இது இன்னும் அவசரம். நனைந்த மகரந்தம் பறக்காது, நனைந்த பூங்கொத்தில் பூஞ்சணம் ஏறும்.

பட்டம் என்று நம் உழவர்கள் சொன்னது இந்த முடிச்சைத்தான் என்று நான் நம்புகிறேன். ஃபைட்டோகுரோமின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. எந்த விதையை எந்த மாதத்தில் போட்டால் கொடி முழுதாக வளர்ந்து, மழை ஓய்ந்த நேரத்தில் பூக்கும் என்பது தெரிந்திருந்தது. பாரீஸில் ஒருவர் கண்ணாடி வீட்டில் தேடிய விடையின் பாதி, ஆடி என்ற ஒரு சொல்லில் இங்கே இருந்தது. மீதிப் பாதியான காரணத்தை அவர் கண்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது.

இரவின் அந்த இருட்டு இப்போது குறைந்துவருகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம்வரை கடற்கரைச் சாலை நெடுக விளக்குகள், விடுதிகளின் மதில் விளக்குகள், வீட்டு மாடியில் விடியும்வரை எரியும் எல்.இ.டி. விளக்குகள். தெருவிளக்கின் வட்டத்துக்குள் நிற்கும் நெற்பயிர், சுற்றிலும் எல்லாம் கதிர் சாய்ந்த பிறகும் பச்சையாகவே நிற்பதை உழவர்கள் கண்டிருக்கிறார்கள். என் வீட்டுப் பந்தலில் ஓர் ஆண்டு தெருப்பக்கக் கொடி தை பிறந்தும் பூக்கவில்லை. நோயோ, மண்ணோ என்று நினைத்து வேப்பம்பிண்ணாக்கு போட்டேன், சாம்பல் தூவினேன். கொல்லைப் பக்கத்தில் அதே விதையிலிருந்து வந்த கொடி காய்த்துத் தள்ளியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு வாசலில் புதிதாகப் போட்ட விளக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு இரவில் அதைப் போடவே இல்லை. பூ வந்தது.

நிலா வெளிச்சம் இதே குழப்பத்தைச் செய்யாதா என்று கேட்டால், அந்தக் கேள்வியை ஜெர்மனியின் எர்வின் ப்யூனிங் 1969இல் எடுத்துக்கொண்டார். அவரைக் குடும்பத்துச் செடிகள் இரவில் இலையை மடக்கித் தொங்கவிடுவதை நாம் தினமும் பார்க்கிறோம், தூங்குகிறது என்கிறோம். மேலிருந்து விழும் நிலவொளி இலைப்பரப்பில் நேராகப் படாமல் இருக்கவே அந்த மடிப்பு, கடிகாரம் கெடாமல் காக்கும் ஏற்பாடு அது என்பது அவர் விளக்கம். முழுநிலவு தருவது ஒரு லக்ஸில் கால் பங்குதான். வாசல் விளக்கு அதைப்போலப் பல மடங்கு, அதுவும் பக்கவாட்டில் வரும். மடிந்த இலைக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை.

வரும் ஆடியில் ஒரு பிடி நாட்டு அவரை வாங்குங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் குற்றுச்செடி ரகங்கள் வேண்டாம், அவை பகல் நீளத்தைக் கணக்கில் எடுக்காதபடி உருவாக்கப்பட்டவை. பந்தலில் ஏறும் பழைய கொடி ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பாதியை ஆடியிலும் மீதியை ஆவணிக் கடைசியிலும் ஊன்றுங்கள். முடிந்தால் ஒன்றை விளக்கு விழும் பக்கத்தில் விடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், முதல் பூ வந்த தேதியை ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு எழுதினால் உங்கள் தெருவின் கணக்கு உங்கள் கையில் இருக்கும். மற்றக் கொடிகளின் மேல் இரவில் விளக்கொளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.